துண்டுக்குள் பேசிய விலை

மாமாவின் ஜவுளிக்கடை மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. வாசல் பத்தடிதான், உள்ளே போகப் போக நீளும். தரையில் வெள்ளை விரிப்பு, சுவரோரம் திண்டு, மேலே கயிற்றில் தொங்கும் துண்டுகள். கோடை விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். பிரித்துப் போட்ட சேலைகளைப் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்குவது என் வேலை. ஒவ்வொரு சேலையின் முனையிலும் சின்ன அட்டை ஒன்றை நூலில் கட்டியிருப்பார்கள். அதில் விலை இருக்காது. மூன்று நான்கு எழுத்துகள் பென்சிலில் எழுதியிருக்கும். சேர்த்து வாசித்தால் எந்தச் சொல்லும் ஆகாது.

அது கடையின் கொள்முதல் கணக்கு. பத்து எழுத்துள்ள ஒரு சொற்றொடர். எந்த எழுத்தும் இரண்டாவது முறை வரக்கூடாது. முதல் எழுத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, கடைசி எழுத்துக்குச் சுழி. சேலை என்ன விலைக்கு வந்தது என்பதை இந்த எழுத்துகளால் எழுதி வைத்துவிடுவார்கள். வாங்க வந்தவர் எதிரே உட்கார்ந்திருக்க, அட்டையைப் புரட்டிப் பார்த்து, எதுவரை இறங்கலாம் என்று கடைப்பையன் தெரிந்துகொள்வான். கடைக்குக் கடை சொல் வேறு. எங்கள் கடைச் சொல்லை எனக்குச் சொல்லித் தந்த அன்று, "வெளிய மூச்சு விட்றாத மாப்ள" என்றார் மாமா. இன்று கடையும் இல்லை, அவரும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லை இங்கே எழுத மனம் வரவில்லை.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து கல்யாண ஜவுளி எடுக்க வருவார்கள். ஒரு வீட்டுக்கென்று ஒரு கூட்டமே வரும். விரிப்பில் உட்கார்ந்து, வரவழைத்துக் கொடுத்த காப்பியைக் குடித்து, சேலையை முகர்ந்து, முந்தியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் விலைக்கு வருவார்கள். கூட்டத்தில் மூத்த அம்மா ஒருவர்தான் பேசுவார்.

"ஒரே பேச்சாச் சொல்லு தம்பி."

மாமா சொல்வார். அந்த அம்மா முழங்காலில் கையூன்றி எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் கூட்டம் முழுக்க எழும்.

"உக்காருங்க ஆத்தா. எழுந்திரிச்சா வெலை கொறஞ்சிருமா?"

"கொறைப்பேன்னு தெரிஞ்சுதான எந்திரிச்சேன்."

இப்படி அரைமணி நேரம் போகும். கடைசியில் மாமா, "சரி ஆத்தா, எடுத்துக்கங்க" என்று சொன்னால் அதோடு தீர்ந்தது. அந்தச் சொல்லுக்குமேல் ஒரு பைசா ஏறாது. ஏற்றினால் அந்த ஊர்க்காரர் யாரும் மறுபடி கடைப்படி மிதிக்கமாட்டார்கள். ஜவுளியைக் கட்டிக் கொடுக்கும்போது, மணப்பெண்ணுக்கென்று ஒரு ரவிக்கைத் துணியும், எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளக் கடைப்பேர் அச்சடித்த மஞ்சப்பையும் மாமாவின் கணக்கில் சேரும். பக்கத்துக் கடையில் "கறார் விலை" என்று பலகை மாட்டியிருந்தார்கள். அங்கே பேரம் கிடையாது. எங்கள் கடையில் பேரம் உண்டு. இரண்டிலும், வாங்குகிறவர் கடையை விட்டு இறங்கும்போது கொடுத்தது என்னவோ அது அவர் காதால் கேட்டு ஒப்புக்கொண்ட தொகைதான்.

வீட்டுக்கு மாதச் சாமான் தெருமுனை அண்ணாச்சி கடையில். அம்மா சொல்லச் சொல்ல, பழைய நோட்டுத் தாளில் நான்தான் சிட்டை எழுதுவேன். துவரம்பருப்பு, உளுந்து, மல்லி, மிளகாய் வற்றல், கடைசியில் எப்போதும் கட்டிப் பெருங்காயம். அண்ணாச்சி பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒரு சுற்றுச் சுற்றினால் கூம்பு ஆகிவிடும். சாமானைக் கொட்டி மேல்வாயை மடித்து, உத்தரத்தில் தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்துக் கட்டி, பட்டென்று அறுப்பார். அறுக்கிற சத்தமும் பெருங்காய வாசனையும் எனக்கு இன்றும் ஒன்றாகவே நினைவுக்கு வருகின்றன. பொட்டலம் ஒவ்வொன்றும் கைக்கு வர, என் சிட்டையிலேயே எதிரே விலையை எழுதிக்கொண்டு வருவார். வாயாலும் சொல்வார். கீழே கோடு போட்டுக் கூட்டுவார். காதில் செருகிய பென்சில் மறுபடி காதுக்குப் போகும்.

வீட்டில் அம்மா விரல் மடக்கி மறுபடி கூட்டுவார். சில்லறை வித்தியாசம் வந்தாலும் என்னைத் திருப்பி அனுப்புவார். அண்ணாச்சி வாதாடியதில்லை. சிட்டையைப் பார்ப்பார், அடித்து எழுதுவார், மீதியைக் கையில் வைப்பார். கூடவே ஒரு துண்டு அச்சுவெல்லமோ ஒரு கை பொரிகடலையோ வரும். காய்க்கார அம்மாவிடம் கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் யாரும் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. கேட்காமலே கூடையில் விழும். வாங்கியதற்குமேல் ஏதாவது ஒன்று கூட வர வேண்டும் என்பது அன்றைய வியாபாரத்தின் பழக்கம்.

அண்ணாச்சியிடம் ரொக்கத்துக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை என்பதும் இருந்தது. பற்று நோட்டில் எழுதுகிற வீடுகளுக்குச் சில சாமான்கள் கொஞ்சம் கூடுதல். அம்மாவுக்கு அது தெரியும். மாதக் கடைசியில் யாரிடமும் கையேந்தாமல் இருக்க அந்த வித்தியாசத்தைத் தெரிந்தே கொடுத்தார். தெரிந்து கொடுத்ததால் அதில் அவருக்குக் குறை இருக்கவில்லை.

தாத்தா சம்சாரி. உழவு மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகும்போது ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்து விற்பவரின் கைமேல் போட்டார். உள்ளே தன் கையை நுழைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டு மட்டும் அங்கங்கே அசைந்தது. விற்பவர் தலையாட்டி மறுக்க, மறுபடி அசைந்தது. பிறகு தரகர் தாத்தா பக்கம் திரும்பி, அதே துண்டுக்குள் அவர் விரல்களைப் பிடித்தார். எத்தனை விரல், எந்த விரல், எவ்வளவு அழுத்தம் என்பதில் நூறும் ஆயிரமும் இருந்தன. சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பும் வழியில், எதற்கு இப்படி மறைக்கிறார்கள் என்று கேட்டேன். "சுத்தி நிக்கிறவனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான்டா துண்டு. பிடிச்ச கைக்குத் தெரியாம வெலை ஏது?" என்றார்.

இந்தக் கேள்வியைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அன்றைய வியாபாரத்திலும் மறைப்பு இருந்தது. மாமா கொள்முதலை மறைத்தார். தரகர் அடுத்தவன் கண்ணிலிருந்து விலையை மறைத்தார். நான் எவ்வளவு கொடுக்கப்போகிறேன் என்பதை என்னிடமிருந்தே மறைக்கிற வித்தை மட்டும் அன்று பெரிதாக வளர்ந்திருக்கவில்லை. இன்று அதுவே தனித் தொழில்நுட்பம் ஆகிவிட்டது.

அன்று ஏமாற்றே இல்லை என்று எழுதினால் அது பொய். தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டிவைப்பவர்கள் இருந்தார்கள். படியின் அடிப்பாகத்தை உள்பக்கம் தட்டி மேடாக்கி வைப்பவர்கள் இருந்தார்கள். துணியை இழுத்துப் பிடித்து முழம் போடுபவர்கள் இருந்தார்கள். அந்த ஏமாற்றைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதுதான் வித்தியாசம். அம்மா தட்டை ஒரு கையால் தூக்கி அடியில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நிறுக்கச் சொல்வார். எந்தக் கடைக்காரரும் அதற்குக் கோபித்ததில்லை. கோபித்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குமேல் முத்திரை ஆய்வாளர் ஒருவர் இருந்தார். இரும்பு எடைக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி எடையைச் சரிசெய்திருப்பார்கள். அந்த ஈயத்தின்மேல் அரசாங்க முத்திரை குத்தியிருக்கும். கல் தேய்ந்தால் எடை குறையும் என்பதால் காலக்கெடு வைத்து மறுபடி மறுபடி முத்திரை போட வேண்டும். கெடு நெருங்கும் நாளில் கடைக்காரர்கள் கோணிப்பையில் எடைக்கற்களைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அண்ணாச்சி எதற்கும் பயப்படாதவர். முத்திரை ஆய்வாளர் தெருவுக்குள் வந்துவிட்டார் என்று கேட்டால் மட்டும் தராசைத் துடைத்து வைப்பார். வியாபாரியின் எடைக்கல்லை வியாபாரியே சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று அன்றைய அரசாங்கம் விட்டுவிடவில்லை.

விலையை மறைக்கிற வித்தை முதலில் எங்கள் வீட்டுக்குள் வந்தது பொட்டலத்தில் இல்லை, உறையில். சோப்பு உறையிலும் பற்பசை டப்பாவிலும் விலை அச்சிட்டு, பக்கத்தில் "உள்ளூர் வரிகள் தனி" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வரி எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. கடைக்குக் கடை ஒரு கணக்கு. அப்பா பெரிய கடை ஒன்றில் இதைக் கேட்டார். "டாக்ஸ் சார்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. எத்தனை சதவீதம் என்று கேட்டதற்கு, பின்னால் நின்றவர் "சார், எடுத்துட்டு நகருங்க" என்றார். அப்பா கூச்சத்தில் காசைக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். காசு போனதைவிட, கேட்டதற்குக் கணக்குச் சொல்லவில்லை என்பது அவரை அறுத்தது.

1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990இல் பொட்டலப் பொருள்கள் விதி திருத்தப்பட்டு, அச்சிடும் விலை எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையாகவே இருக்க வேண்டும் என்று ஆனது. மருந்துக்கு மட்டும் அந்த ஒழுங்கு வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று எம்.ஆர்.பி. என்ற மூன்று எழுத்தை எழுதப் படிக்கத் தெரியாதவரும் சொல்கிறார். உறையைத் திருப்பிக் காட்டிச் சண்டை போடுகிறார். ஒரு விதியின் ஒற்றைத் திருத்தம் தந்த பலம் அது. பொருளாதாரம் படித்தவர்கள் எம்.ஆர்.பி. முறையில் நூறு குறை சொல்வார்கள். எனக்கு அது அப்பாவுக்குக் கிடைக்காமல் போன பதில்.

எம்.ஆர்.பி.யையும் மீற வழி கண்டுபிடித்தார்கள். பேருந்து நிலையத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு "கூலிங்குக்கு ரெண்டு ரூவா" என்று கூசாமல் கேட்கிறார்கள். நெடுஞ்சாலையில் பேருந்து நிற்கும் மோட்டல்களில் கேட்பது அதற்கும் மேல்; இரவு ஒரு மணிக்குக் கைக்குழந்தையோடு இறங்குகிறவருக்கு வேறு கடைக்குப் போக வழியில்லை என்பதே அங்கே விலை. இதில் ஒரு முரணும் உண்டு: மதுரையில் மாட்டுச் சந்தை கூடிய இடம்தான் மாட்டுத்தாவணி. 1999இல் அங்கே பேருந்து நிலையம் வந்தது. துண்டுக்குள் விரல் பிடித்தவர்களின் மண் அது.

நகைக்கடையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அக்கா கல்யாணத்துக்குத் தெற்காவணி மூல வீதியில் தங்கக்கட்டி வாங்கி, ஆசாரியிடம் கொடுத்துச் செய்தோம். ஆசாரி வீட்டுத் திண்ணைதான் பட்டறை. உமிச்சட்டி, ஊதுகுழல், சின்னச் சின்ன அரங்கள், சாமணம், சிவப்பும் கறுப்புமாய்க் குன்றிமணி. அம்மா அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். சந்தேகத்தினால் மட்டுமல்ல, அது முறை. பொன் உருகிச் சிவந்து திரளும்போது ஆசாரி பேச்சை நிறுத்திவிடுவார். நாங்களும் மூச்சடக்கிப் பார்ப்போம். அரம் போடும்போது உதிர்கிற பொடி மடியில் விரித்த தோலில் விழும். எழும்போது அந்தத் தோலைத் தட்டித் தூளைச் சேர்த்து வைப்பார். அப்படியும் காற்றிலும் தரையிலும் போவது போகும். அதுதான் சேதாரம்.

அந்தப் பொடி மெய்யாகவே இருந்தது என்பதற்கு, விடிவதற்கு முன் அந்தச் சந்துகளுக்கு வரும் அரிப்புக்காரர்களே சாட்சி. பட்டறை வாசலைப் பெருக்கி, சாக்கடை ஓரத்து மண்ணை அள்ளி, தட்டில் தண்ணீர் விட்டு அலசுவார்கள். சேறெல்லாம் வழிந்தபின் தட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவு மினுங்கும். அதைக்கொண்டு அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். கை வேலையில் சிந்தியது இன்னொரு கையைப் போய்ச் சேர்ந்தது. ஆசாரியும் சேதாரம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று முதல் நாளே சொல்லிவிடுவார். அதிலும் அம்மா பேரம் பேசினார்.

இன்று பெருவாரியான சங்கிலிகள் இயந்திரத்தில் வருகின்றன. பட்டறையில் உதிர்கிற பொடியைக் காற்றோடு உறிஞ்சிச் சேர்த்து மறுபடி உருக்குகிறார்கள். ஆனால் சேதாரச் சதவீதம் நின்றபாடில்லை. கணக்கைப் பாருங்கள். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன், 8 கிராம், 80,000 ரூபாய். சேதாரம் 12 சதவீதம் என்றால் 0.96 கிராம், அதற்கு 9,600 ரூபாய். இரண்டும் சேர்ந்த 89,600க்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,688. ஆக 92,288 ரூபாய். கையில் வருவது 8 கிராம்தான். மறுநாளே விற்கப் போனால் அந்த 0.96 கிராமை எந்தக் கடையும் தராசில் வைக்காது. சில கடைகளில் "சேதாரம் இல்லை" என்று பெரிய எழுத்தில் பலகை இருக்கிறது. உள்ளே போனால் செய்கூலி என்ற பெயரிலோ, கல்லையும் தங்கத்தோடு சேர்த்து நிறுப்பதிலோ அது திரும்பி வருகிறது. 2021 ஜூன் முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானதால் தங்கத்தின் தரத்துக்குக் காவல் வந்துவிட்டது. ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் ஆறு இலக்க அடையாளம் பொறித்திருக்கிறது. சேதாரம் எத்தனை சதவீதம் போடலாம் என்பதற்கு இன்றுவரை சட்டத்தில் வரம்பு கிடையாது. வாசலில் தொங்குகிற அன்றைய தங்க விலைப் பலகையை நம்பி, தாலிக்குப் பணம் எடுத்துக்கொண்டு வருகிற ஒரு தாய், பில் போடும் மேசையில் முகம் வெளிறி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் மகள், மாப்பிள்ளை வீட்டார். அந்த இடத்தில் யாரால் கேள்வி கேட்க முடியும்? கேட்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் கணக்கு நீட்டப்படுகிறது.

சினிமாவையும் சொல்லிவிடுகிறேன். தங்கம் தியேட்டரை 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' போட்டுத் தொடங்கினார்கள் என்பது மதுரைக்காரர்களுக்குப் பெருமை. நான் போன காலத்தில், கம்பிக் கூண்டு வரிசையில் நெரிபட்டுப் போய்க் கையை உள்ளே நீட்டினால் ரோஸ் நிறத்தில் மெல்லிய டிக்கெட் வரும். அதில் அனுமதிக் கட்டணம் தனி, கேளிக்கை வரி தனி, மொத்தம் தனி என்று அச்சிட்டிருக்கும். அந்தத் துண்டுச் சீட்டுக்கு இருந்த நேர்மை, இன்று வீட்டிலிருந்து டிக்கெட் எடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் வந்து உட்காரும் 'கன்வீனியன்ஸ்' கட்டணத்துக்கு இல்லை.

கடைப் பையின் கதை வேறு. 2011இல் வந்த பிளாஸ்டிக் விதி, பையை இலவசமாகத் தரக்கூடாது என்றது. பிளாஸ்டிக்கைக் குறைக்க வந்த நல்ல விதிதான். அதைச் சாக்காக வைத்து, கடைப்பேர் அச்சடித்த காகிதப் பைக்கும் காசு வாங்கத் தொடங்கினார்கள். அதுவும் எல்லாம் பில் போட்டு முடித்தபின், வேறு வழியில்லாமல் நிற்கும்போது. 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு பெரிய சங்கிலிக் கடையின் இந்தப் பழக்கத்தை முறையற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொன்னது. பைக்கு விலை உண்டு என்றால், பொருளை எடுப்பதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு அது தெரிய வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது எனக்கு மாமா கடைதான் கண்ணில் வந்தது.

உணவகங்களின் சேவைக் கட்டணமும் அப்படியே. 2022 ஜூலை 4இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது என்றது. உணவக உரிமையாளர்கள் வழக்குக்குப் போனார்கள். 2025 மார்ச் 28இல் டில்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. பரிமாறியவருக்கு மனமாரக் கொடுப்பதும், பில்லில் ஒளித்துப் பிடுங்குவதும் ஒன்றாகாது.

போன மழைக்காலத்தில் வீட்டில் பிள்ளைகள் செல்பேசியில் பரோட்டா வரவழைத்தார்கள். திரையில் 120 ரூபாய் என்று இருந்தது. ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். பேக்கிங் வந்தது. டெலிவரி வந்தது. பிளாட்பார்ம் கட்டணம் என்று ஒன்று வந்தது. மழைக்கட்டணம் வந்தது. வரி வந்தது. கடைசிப் பொத்தானுக்கு வரும்போது 200ஐத் தாண்டிவிட்டது. அதற்குள் பசி வந்துவிட்டது, விருந்தாளியும் உட்கார்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் போகமாட்டார்கள் என்று தெரிந்தே அந்த வழி போடப்பட்டிருக்கிறது. மழையில் நனைந்து வந்த பையனுக்கு அந்த மழைக்கட்டணத்தில் எவ்வளவு போகும் என்று கேட்டேன். அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. "அப்பப்ப மாறும் சார்" என்றான். கொடுக்கிறவருக்கும் தெரியாத, வாங்கி வருகிறவருக்கும் தெரியாத விலை.

எங்கள் தெருவில் பரோட்டாக் கடைக்காரர் வாழையிலையில் மடித்து, மேலே தாளைச் சுற்றிக் கட்டிக் கொடுப்பார். இலைக்குக் காசு கேட்டதில்லை. சால்னா கேட்கக் கேட்க வந்துகொண்டே இருக்கும். அவருக்கும் இலை விலைக்குத்தான் வந்தது. அதைப் பரோட்டா விலையிலேயே சேர்த்துச் சொன்னார், அவ்வளவுதான்.

ஊருக்குப் போகப் பேருந்து டிக்கெட் எடுத்தால், கேட்காமலே காப்பீட்டுக் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது. நன்கொடைக் கட்டத்திலும் விழுந்திருக்கிறது. வேண்டாம் என்று எடுக்கப் போனால், நம்மைக் குற்றவாளியாக்குகிற மாதிரி ஒரு வாசகம் எதிரே நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்து, 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது, கூடையில் கேட்காததைச் செருகுவது, இன்னும் இரண்டுதான் மீதம் என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் சந்தா வலை எல்லாம் அதில் இருக்கின்றன. அதற்கு முன்பே, 2020இல் வந்த மின்வணிக விதிகள், எல்லாக் கட்டணங்களும் அடங்கிய மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும் என்று எழுதிவிட்டன. ஆக, சட்டத்தில் குறை அதிகம் இல்லை.

முத்திரை ஆய்வாளரைத்தான் காணவில்லை. 2025 ஜூனில் ஆணையம் மின்வணிக நிறுவனங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. மூன்று மாதத்துக்குள் உங்கள் தளங்களை நீங்களே தணிக்கை செய்து, இப்படிப்பட்ட தந்திரங்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள் என்றது. அண்ணாச்சியின் எடைக்கல்லுக்கு ஈயத்தில் முத்திரை குத்திய அரசாங்கம், அவரைப்போல ஆயிரம் மடங்கு வியாபாரம் செய்கிறவர்களிடம் கல்லையும் முத்திரையையும் சேர்த்தே கொடுத்துவிட்டது. இதை நான் ஏற்கவில்லை. தராசுத் தட்டுக்கு அடியில் தடவிப் பார்க்க அம்மாவால் முடிந்தது. திரைக்கு அடியில் தடவிப் பார்க்க எந்த அம்மாவாலும் முடியாது. அதனால்தான் அங்கே ஆய்வாளர் கட்டாயம் வேண்டும். வாடிக்கையாளர்போல உள்ளே போய், முதல் பக்கத்து எண்ணையும் கடைசிப் பக்கத்து எண்ணையும் எழுதி வைத்து, வித்தியாசத்துக்கு அபராதம் போடுகிறவர் வேண்டும். 1990இல் ஒரு சோப்பு உறைக்குச் செய்ததைச் செல்பேசித் திரைக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதுவரை நம் பங்குக்குச் செய்யக்கூடியதும் இருக்கிறது. நகைக்கடையில் உட்காரும் முன்பே சேதாரம், செய்கூலி, வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். திரையில் கேட்காமல் விழுந்திருக்கும் டிக்குகளை எடுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். கேட்டால் கஞ்சத்தனம் என்று யாராவது நினைப்பார்களோ என்று கூசாதீர்கள். சொன்ன விலைக்கும் வாங்கிய விலைக்கும் வித்தியாசம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.